பூனைப்பருந்து பார்க்கக் கரட்டுமேல் ஏறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொங்கு நாட்டுக்கு வலசை வரும் பறவைகள் என்றாலே நஞ்சராயன் குளம், வெள்ளோடு, சூலூர் என்று குளத்துக் கரையோடு பேச்சு நின்றுவிடுகிறது. சென்ற இதழின் கட்டுரையும் அப்படித்தான். ஆனால் கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் பூனைப்பருந்துகள் (ஆங்கிலத்தில் ஹாரியர்) தேடுவது குளத்தை அல்ல, புல்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடுகள்தான் அவற்றுக்கு ஏற்ற இடம். சுற்றிலும் கிளுவை வேலி, ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். மாட்டுக்காக விட்டுவைத்த இந்தப் புல்லில்தான் வெட்டுக்கிளியும் எலியும் இருக்கும்.

பார்ப்பதற்குப் பெரிய மலை தேவையில்லை. பூனைப்பருந்து புல்லுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், இறக்கைகளை 'வி' போல் தூக்கிப் பிடித்து, காட்டை உழுவதுபோல் போய்த் திரும்பி வரும். சமதரையில் நின்றால் கிளுவை வேலியே அதை மறைத்துவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் உயரமுள்ள கரடோ பாறையோ இருந்தால் போதும், முதுகுப்புறம் தெரியும். அடையாளமெல்லாம் அங்கேதான். பழுப்பு நிறப் பெட்டையின் வால் தொடங்குமிடத்தில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருக்கும். சாம்பல் நிறச் சேவலின் இறக்கைமேல் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் மாண்டேகு பூனைப்பருந்து. கோடில்லாமல் இறக்கை நுனியில் மட்டும் ஒடுங்கிய கறுப்பு இருந்தால் இன்னொரு வகையான வெளிறிய பூனைப்பருந்து. இளம் பறவைகளைப் பிரித்தறிவது கடினம், அவசரப்பட்டுப் பெயர் வைக்க வேண்டாம். மின்கம்பியில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும் வெள்ளைப் பறவையைப் பலரும் பூனைப்பருந்து என்று குறித்துக்கொள்கிறார்கள். அது இங்கேயே வாழும் கருந்தோள் பருந்து.

ஊதியூர் மலை காப்புக்காடு, அனுமதியின்றி ஏறக் கூடாது. அடிவாரச் சாலையோரமே போதும். சிவன்மலை மேலிருந்து பார்த்தால் வெயிலேறியபின் வெப்பக்காற்றில் வட்டமிட்டு எழும் கழுகுகள் கண்மட்டத்தில் தெரியும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை 6.30 முதல் 9 வரை, கிழக்கே நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழ வேண்டும். 10 மணிக்குமேல் கானல் எழும்பிவிடும், எவ்வளவு விலையுள்ள தொலைநோக்கியிலும் உருவம் நெளியும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 இருகண்நோக்கியே போதும். காரில் வந்தவர்கள் இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கலாம். வண்டிக்கு அஞ்சாத பறவை ஆளைக் கண்டால் அஞ்சும்.

மாலை 4.30-க்குமேல்தான் பெரிய காட்சி, பெரிய தவறும் அப்போதுதான். இவை மரத்தில் அடைவதில்லை. பொழுது சாய்கையில் ஒன்றிரண்டாகக் கூடி, சுற்றிச் சுற்றி வந்து, உயரமான புல்லுக்குள் தரையிலேயே இறங்கிவிடும். படமெடுக்க உள்ளே ஓர் ஆள் நடந்தாலும் மொத்தமாகக் கிளம்பிவிடும். இருட்டில் வேறு புல் தேடி இறங்கினால் நாய்க்கும் நரிக்கும் இரையாகலாம். 200 மீட்டராவது தள்ளியே நில்லுங்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். காலையில் அவை கிளம்பிப்போனபின், காட்டுக்காரரிடம் (நிலத்துக்காரரிடம்) கேட்டுக்கொண்டு உள்ளே போனால், அடைந்த இடத்தில் கட்டைவிரல் அளவு உருண்டைகள் கிடக்கும். செரிக்காமல் கக்கியவை. மெல்லப் பிரித்தால் எலி மயிருக்குள் வெட்டுக்கிளியின் பின்னங்கால், ரம்பப்பல் மாறாமல் அப்படியே இருக்கும். உழவருக்கு இந்தப் பறவை என்ன செய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. திரும்பும்போது வேலிப் படலை (கதவை) மறக்காமல் சாத்துங்கள். திறந்து கிடந்தால் ஆடுமாடு அடுத்தவர் வெள்ளாமையில் இறங்கிவிடும், அதன்பின் எந்தக் காட்டுக்காரரும் உள்ளே விடமாட்டார்.

கொறங்காடுகள் மனைப்பிரிவாகவும் சூரிய மின்பலகைக் களமாகவும் மாறிவருகின்றன. அவை குளமாக இருந்திருந்தால் யாராவது மனு எழுதியிருப்பார்கள். மேய்ச்சல் காட்டைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். படம் போடும்போது அடையும் இடத்தின் ஊரையும் தோட்டத்துப் பெயரையும் விட்டுவிட்டு, தாலுகா பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பறவை நோக்கர்கள் சிலர்,
காங்கயம்.