பழைய டேட்டா எங்கே போனது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கப்பலூர், வாடிப்பட்டி பக்கத்து மில் இன்ஜினியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், உங்கள் சென்சார்களைக் கண்காணிக்கும் எங்களைப் பற்றிப் பத்து நாளாகச் சுற்றும் செய்தி எங்களுக்கும் வந்து சேர்ந்தது. ‘மூணு மாச டேட்டாவ அழிச்சுட்டாங்க. கேட்டா டிஸ்க் ஃபுல்லுங்கிறாங்க. அலாரம் வராதத மறைக்கத்தான் இந்த வேலை.’ டேட்டா போனது பாதி உண்மை, டிஸ்க் நிரம்பியது முழு உண்மை. இரண்டுக்கும் கீழே விளக்கமும் மன்னிப்பும் இருக்கிறது. மூன்றாவது பொய். எங்களை உறுத்துவது அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

சென்சார்களையும் நெட்வொர்க்கையும் கண்காணித்து அலாரம் தரும் மென்பொருள் ஜாபிக்ஸ். நம் ஜாபிக்ஸ் சர்வரில் சென்சார் தரும் அளவு ஓர் அட்டவணையில் ஏறுகிறது. அலாரம் எத்தனை மணிக்கு எழுந்தது, யாருக்குத் தகவல் போனது, எப்போது சரியானது என்பதெல்லாம் வேறு அட்டவணைகளில். இவற்றுக்குத் தனித்தனி ஆயுள் உண்டு. அலாரப் பதிவுகளின் ஆயுள் 365 நாள், அதில் நாங்கள் கை வைக்கவே இல்லை. ‘மானிட்டரிங்’ மெனுவில் ‘ப்ராப்ளம்ஸ்’ பக்கத்தைத் திறந்து, ‘ஷோ’ என்ற இடத்தில் ‘ஹிஸ்டரி’யைத் தேர்ந்தெடுத்து, போன மாதமோ அதற்கு முந்தைய மாதமோ தேதி கொடுத்துப் பாருங்கள். வரிசை முழுதாக நிற்கும். வலது பக்கம் ‘ஆக்‌ஷன்ஸ்’ பத்தியில் தகவல் யாருக்குப் போனது, போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியும்.

‘அலாரம் பட்டியல் இருக்கட்டும், வரம்பைத் தாண்டியும் அலாரம் அடிக்காமல் விட்ட நேரத்தை அளவை அழித்து மறைக்கலாமே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நிமிடத்துக்கு நிமிடம் உள்ள அளவு போனாலும், ஒவ்வொரு மணி நேரத்தின் உச்சமும் குறைந்ததும் சர்வரில் தனியாக இருக்கின்றன. எந்த மணியில் உச்சம் வரம்பைத் தாண்டியது என்று கிராஃபில் பார்த்து, அதே மணிக்கு அலாரம் வரிசை இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். அலாரத்துக்கு நீங்களே தாமதம் கேட்டு வைத்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்: பத்து நிமிடம் தொடர்ந்தால்தான் அடிக்க வேண்டும் என்ற இடத்தில் மூன்று நிமிட உச்சத்துக்கு வரிசை இராது. அதற்கு மேலும் பொருந்தாத மணி ஒன்று கிடைத்தால் நேராக எங்களிடம் கொண்டு வாருங்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதைச் சிட்டை, பேரேடு என்று சொன்னால் எளிதில் புரியும். ஜாபிக்ஸில் ‘ஹிஸ்டரி’ என்பது சிட்டை. வந்த ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வரி. ‘ட்ரெண்ட்ஸ்’ என்பது பேரேடு. ஒரு மணி நேரத்துக்கு ஒரே வரி, அதில் குறைந்தது, சராசரி, உச்சம், எண்ணிக்கை. மருந்துக்கடை ஃப்ரிட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. சரக்கு அடுக்கும்போது கதவு திறந்தே இருந்து சூடு ஏறுகிறது. சிட்டையில் 4.1, 5.6, 8.7, 11.2 என்று நிமிடவாரியாக 60 வரி இருக்கும். பேரேட்டில் குறைந்தது 3.9, சராசரி 5.1, உச்சம் 11.2, எண்ணிக்கை 60 என்று ஒற்றை வரிதான். வரம்பு மீறியது இதிலும் தெரியும். ஆனால் 8 டிகிரிக்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்பது தெரியாது. தணிக்கைக்கு வருபவர் கேட்பதோ அதைத்தான். அந்த அருமை தெரிந்ததால்தான் கீழே சொல்லும் மாற்றங்களைச் செய்திருக்கிறோம். எழுத்தாக வரும் பதிவுகளுக்கு, உதாரணமாக யூபிஎஸ் தரும் பிழைச் செய்திகளுக்கு, பேரேடே கிடையாது. சிட்டையில் போனால் போனதுதான்.

டிஸ்க் எப்படி நிரம்பியது? சர்வரில் 14,400 அளவீடுகள் (வெப்பநிலை, ஈரப்பதம் என்று கண்காணிக்கும் ஒவ்வொன்றும் ஓர் அளவீடு) தலா நிமிடத்துக்கு ஒரு வரியாக ஏறிக்கொண்டிருந்தன. நொடிக்கு 240, நாளுக்கு 2 கோடியே 7 லட்சம் வரி. ஒரு வரிக்குச் சுமார் 90 பைட் என்று வைத்தால் நாளுக்கு 1.9 ஜிபி, 90 நாளுக்கு 168 ஜிபி. டிஸ்க் 240 ஜிபி. போதும் என்று நினைத்ததற்குக் காரணம் மீதி 70 ஜிபி. அதைத் தின்றது, டேட்டாவைச் சேமிக்கும் மை எஸ்க்யூஎல் மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாக எழுதி வைக்கும் பைனரி லாக். 8-ம் பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்கும், மாற்றாவிட்டால் 30 நாள் பதிவை வைத்துக்கொள்ளும். காலாவதி அமைப்பை 25,92,000 நொடியிலிருந்து 2,59,200 நொடிக்கு, அதாவது 3 நாளுக்கு, நாங்கள் முன்பே குறைத்திருக்க வேண்டும். தினமும் முழு பேக்கப் எடுப்பதால் 3 நாள் தாராளம்.

14,400-ல் பத்தாயிரத்துக்கும் மேல் நெட்வொர்க் ஸ்விட்சுகளால் வந்தவை. 48 போர்ட் (கேபிள் செருகும் இடம்) கொண்ட ஸ்விட்ச் ஒன்றைச் சேர்த்தால் ஜாபிக்ஸ் தானே தேடி, போர்ட்டுக்கு 9 வீதம் 432 அளவீடுகளை உண்டாக்கிவிடும். ‘போர்ட் இயங்குகிறது’ என்ற ஒரே தகவலை நாளுக்கு 1,440 முறை எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டிஸ்க் நிரம்பியபோது 5 மணி நேரம் அளவும் பதியவில்லை, அலாரமும் போகவில்லை. கிராஃபில் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். அன்று அவசரத்தில் செய்ததுதான் பெரிய தவறு. ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ மெனுவில் ‘ஹவுஸ்கீப்பிங்’ போய், ‘ஓவர்ரைடு ஐட்டம் ஹிஸ்டரி பீரியட்’ என்ற கட்டத்தில் டிக் செய்து 30 நாள் கொடுத்தோம். அந்த டிக், தனித்தனி அளவீட்டுக்குக் கொடுத்திருந்த ஆயுளை எல்லாம் மீறிவிடும். ஸ்பின்னிங் மில் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஈரப்பத சென்சார்களுக்கு மட்டும் 180 நாள் வைத்திருந்தோம். அதை அமைத்துக் கொடுத்த தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார், குறிப்பேட்டிலும் அது எழுதப்படவில்லை. குறித்து வைக்காதது எங்கள் குற்றம், அவருடையதல்ல.

ஆயுள் முடிந்த டேட்டாவை நீக்கும் ஜாபிக்ஸின் ஹவுஸ்கீப்பர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழிப்பதில்லை. மணிக்கொரு முறை எழுந்து, ஒவ்வொரு அளவீட்டிலும் பழைய 4 மணி நேர டேட்டாவை மட்டும் எடுக்கும். நாளுக்கு 4 நாள் டேட்டா போகும், புதிதாக ஒரு நாள் சேரும். நிகரம் 3 நாள். 90-லிருந்து 30-க்கு இறங்க 20 நாள். புகார் வந்து 17-ம் நாள் டிக்கை எடுத்தபோது அந்த மில்லின் 180 நாளில் 129 நாள் மிஞ்சியிருந்தது. போன 51 நாளுக்கு மணிக்கணக்குப் பேரேடு மட்டுமே உண்டு. அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம், இங்கேயும் கேட்கிறோம்.

இவ்வளவு அழித்தும் டிஸ்கில் இடம் வரவில்லை என்பது பலருக்கு வியப்பு. டிஸ்கை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொண்டால், மூட்டை வெளியே போனாலும் காலியான மூலையை மை எஸ்க்யூஎல் கிடங்குக்காரரிடம் திருப்பிக் கொடுக்காது. அடுத்த மூட்டைக்கு என்று தானே வைத்துக்கொள்ளும். திரும்ப வாங்க ‘ஆப்டிமைஸ் டேபிள்’ என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். அது அட்டவணைக்கு ஒரு முழு நகல் எடுத்துத்தான் பழையதை விடும். அவ்வளவு பெரிய அட்டவணைக்கு 31 ஜிபி காலி இடத்தில் அது நடக்காது. அதனால் புது எஸ்எஸ்டி வாங்கி, அட்டவணைகளை நாள்வாரிப் பகுதிகளாகப் பிரித்து அதற்கு மாற்றினோம். பழைய நாளை நீக்குவது இனி ஒரு பகுதியை அப்படியே கழற்றிப் போடுவதுதான். ஒரு நொடி வேலை. இடமும் உடனே கைக்கு வரும். அட்டவணைகளைப் பிரித்த பிறகு, ஹிஸ்டரிக்கும் ட்ரெண்ட்ஸுக்கும் ஹவுஸ்கீப்பரை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அது வரி வரியாக அழித்துக்கொண்டு சர்வரை மூச்சுத் திணற வைக்கும். போன மாதம் நள்ளிரவில் உங்களில் சிலருக்கு ‘டேட்டா வரவில்லை’ என்று வந்த பொய் அலாரங்கள் அந்தத் திணறலால்தான்.

பகுதி பிரித்தால் ஒரே அட்டவணைக்குள் ஆளுக்கொரு ஆயுள் வைக்க முடியாது. ஆனால் ஜாபிக்ஸ் தசம எண்ணையும் முழு எண்ணையும் வெவ்வேறு அட்டவணையில் எழுதுகிறது. வெப்பநிலை, ஈரப்பதம், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் தசமம். போர்ட் டிராஃபிக் முழு எண். தசம அட்டவணைக்கு 400 நாள் கொடுத்துவிட்டோம். 1,200 அளவீடுகளுக்கு நாளுக்கு 156 எம்பி, மொத்தம் 62 ஜிபி. முழு எண் அட்டவணைக்கு 14 நாள், எழுத்துப் பதிவுகளுக்கு 7 நாள், மணிக்கணக்குப் பேரேட்டுக்கு 2 ஆண்டு. போர்ட் டிராஃபிக் இனி 5 நிமிடத்துக்கு ஒரு முறை. போர்ட் நிலை போன்றவை மாறினால் மட்டும் எழுதப்படும். மாறாவிட்டாலும் மணிக்கொரு வரி உண்டு. முழு எண் வரவு நொடிக்கு 220 இருந்தது, 60-க்குள் இறங்கிவிட்டது. மருந்துக்கடை, கோல்டு ரூம், மில் வாடிக்கையாளர்களுக்கு இது முன்பைவிட நல்ல ஏற்பாடு என்று உறுதியாகச் சொல்வோம்.

எஸ்எஸ்டி செலவை ஒட்டி, அடுத்த மாதப் பில்லில் கருவி ஒன்றுக்கு 15 ரூபாய் கூடும்.

உங்கள் இடத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஓவர்ரைடு டிக்கை எங்களைக் கேட்காமல் போடாதீர்கள். மாறினால் மட்டும் எழுதும் அளவீட்டுக்கு ‘டேட்டா வரவில்லை’ அலாரம் வைத்திருந்தால், அதன் நேரம் ஒரு மணியைவிடக் கூடுதலாக இருக்கட்டும். நாள்வாரிப் பகுதி பிரித்திருந்தால் வரும் 14 நாளுக்கான பகுதிகள் முன்கூட்டியே உருவாகியிருக்கின்றனவா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். நாளைய பகுதி இல்லையென்றால் நள்ளிரவு 12 மணிக்கு டேட்டா ஏறுவது நின்றுவிடும், டிஸ்க் பாதி காலியாக இருந்தாலும்.

இந்தப் பேச்சு கிளம்பியபோது ‘முதலில் அவர்களைக் கேட்போம்’ என்று குழுவில் எழுதிய கே.புதூர், திருமங்கலம் வாடிக்கையாளர்களுக்கும், குறையை நேரில் வந்து சொல்லி, டேட்டாவை எடுத்துச் சரிபார்க்க இரண்டு நாள் பொறுமை காத்த மில்காரர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. வெப்பநிலை சென்சார் எதற்காவது, தசம அட்டவணை முழுவதையுமே 400 நாளுக்கும் மேல் வைக்க வேண்டிய தேவை இருந்தால் சென்சார் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் எழுதி இந்த மாத இறுதிக்குள் அனுப்புங்கள். இந்த முறை குறிப்பேட்டில் ஏற்றிவிட்டுத்தான் சர்வரில் மாற்றுவோம்.

நன்றியுடன்,
உரிமையாளர்
மதுரை