செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பந்தி நேரத்துக்கு வந்து சேரப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கண் சிகிச்சை முகாம் ஒன்று, ரத்ததான முகாம் ஒன்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாமிரபரணிப் படித்துறையில் பரிகாரக்காரர்கள் விட்டுப்போன துணிகளை அள்ளியது. எல்லாம் நல்லபடியாக நடந்தன.

தொண்டர்களுக்கான மாதக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 'செயலாளருக்கு வேற சோலி இல்ல' என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நாம் அரிசியும் போர்வையும் கொடுத்த பட்டியலை இந்த வருஷம் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் போனதெல்லாம் நம் உறுப்பினர்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு. ஆற்றோரக் காலனிக்கு மூன்றாம் நாள்தான் போயிருக்கிறோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வந்த போனை வைத்துப் பட்டியல் போட்டோம். நம் நம்பர் யாரிடம் இருந்ததோ அவர்கள்தான் கூப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தர அதே காலனியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா மடியிலிருந்த சுளகை இறக்கி வைத்துவிட்டு, பையனிடம் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பினார். கலர் வந்தது. மூடியைத் திறக்காமல் என் முன்னால் வைத்து, "கடைல வாங்குனதுதான், குடிங்கய்யா" என்றார். உள்ளே அடுப்பில் கடுங்காப்பி கொதிக்கிற வாசனை.

பன்னிரண்டு வருஷமாக அந்தத் தெருவில் கலர் குடிக்கிறேன். உபசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் எந்தத் தெருக்காரன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தக் காப்பியே போதும் என்றேன். "இருக்கட்டும்யா, டம்ளரு சரியில்ல" என்று சிரித்தார். வற்புறுத்தினால் அதுவும் ஒரு அதிகாரம்தானே? கலரையே குடித்துவிட்டு வந்தேன்.

அதிலிருந்துதான் தொண்டர்களுக்கு ஒரு நோட்டு. வீடு பார்த்துவிட்டு வருகிறவர் எங்கே உட்கார வைத்தார்கள், என்ன கொடுத்தார்கள், எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுத வேண்டும். மாதம் ஒரு முறை அதை வைத்துப் பேச்சு, அதுதான் அந்த மாதக் கூட்டம். கல்லூரியில் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் களப்பணி முடிந்ததும் அறிக்கை எழுதி ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவது வழக்கமான பாடம்தான். மேலப்பாளையத்துச் சகோதரி ஒருவர் எழுதியது: "தலையில் முக்காட்டைப் பார்த்ததும் வாசல் நடையிலேயே பேச்சை முடித்துவிட்டார்கள்." அவரோடு போன இன்னொரு தொண்டர் அதே வீட்டைப் பற்றி 'நல்ல வரவேற்பு' என்று எழுதியிருக்கிறார்.

முதல் கூட்டத்துக்கு 17 பேர். கடைசிக் கூட்டத்துக்கு என்னையும் வாட்ச்மேனையும் சேர்த்து நான்கு. "நம்ம சங்கத்துல சாதியே கிடையாது, எதுக்குக் கிளறணும்?" என்றார்கள். சரி, கிடையாது. இதே சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் 1924-25 இல் தமிழ்நாட்டையே உலுக்கியது. ஐயரும் நாட்டுக்காக எல்லாவற்றையும் விட்டவர்தான். நம் போன வருஷ விருந்துப் போட்டோவில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டன, விவரம் பொருளாளரிடம். 62 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 35 பேர். மற்றவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. ஆனால் பதிவுத் துறைக்கு வருஷாவருஷம் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும்.

மண்டபம் தந்தவருக்கும், மைக் செட்காரருக்கும், பெயர் விட்டுப்போன அனைவருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் இந்தப் பொறுப்பை இளைஞர் யாராவது ஏற்றால் சந்தோஷம். யாரும் கேட்காவிட்டால் நோட்டோடு சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன். புது நோட்டு வாங்க மட்டும் சங்கத்தில் காசு வேண்டும்.

இன்றைய சமையல் காலனி மகளிர் குழுவினுடையது. காப்பியும் அவர்கள் போட்டதுதான். அவசர வேலை என்று சாப்பிடாமல் கிளம்புகிறவர்கள் வாசலில் பொருளாளரிடம் சந்தாவைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம்.