எனக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. மலைநடைக் குழுவின் பொருள் அறைச் சாவியையும், நான்கு வருடமாக என் பெயரில் இருந்த மழைச்சட்டையையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கொடுக்க வேண்டியதில் இன்னும் இரண்டு மிச்சம். ஒன்று இந்த நன்றி. இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

குறைந்தது 60 வார இறுதிகளாவது மலையில் கழித்திருப்பேன். அத்தனையிலும் நான் கடைசிக்கு முந்தின ஆள். கடைசி ஆள் யாரென்றால், நான் தனியாக விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகவே எனக்குப் பின்னால் நடந்த ஒருவர். அன்றைக்கு அது யார் என்று காலையில் பை கட்டும்போதே முடிவாகிவிடும். உச்சியில் எடுத்த படங்களில் அந்த ஆள் இருக்க மாட்டார். நாங்கள் இருவரும் போய்ச் சேர்வதற்குள் படம் எடுத்து முடித்து, பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதத் தோன்றியது.

முதலில் அக்காவுக்கு. பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் குழுவில் எல்லோருக்கும் தெரியும். போனில் நீலப் புள்ளி காட்டும்போது காகித வரைபடம் எதற்கு என்று முதல் நாளே கேட்டவன் நான். அவர் பதில் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த வரைபடத்தைக் கையில் கொடுத்து, நாங்கள் நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். "விரலை எடுக்காதே. நாம நகர நகர அதுவும் நகரணும்." ஓடையைத் தாண்டினால் விரலும் ஓடையைத் தாண்டியது. அந்த வரைபடத்தில் ஒரு சம உயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 10 மீட்டர் வித்தியாசம். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் எனக்கு மூச்சு வாங்கப் போகிறது என்று அர்த்தம். மத்தியானத்துக்குள் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் குளிரில் பொசுக்கென்று அணைந்தது. அக்கா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நேரக் கணக்கும் அவரிடம் கற்றதுதான். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்த விதி அது. மைலிலும் அடியிலும் அவர் சொன்னதை இன்றைய அளவில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அக்கா அதை எழுதுவார், என்னை ஒரு பார்வை பார்ப்பார், அடித்துவிட்டு 6 என்று போடுவார். நெய்ஸ்மித் என்னோடு நடந்ததில்லை, பாவம்.

அப்புறம், இரண்டாம் வருடம் எங்களைப் பாதியில் திருப்பிக் கூட்டிவந்த அண்ணாவுக்கு. உச்சிக்கு 80 மீட்டர்தான் பாக்கி. தூரத்தில் மின்னல் வெட்டியது. இடி கேட்கும் வரை அவர் விநாடிகளைச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். முதல் தடவை 20 வரை எண்ணினார், அடுத்த தடவை 12. "இறங்குங்க" என்றார், அவ்வளவுதான். மொட்டை முகட்டில் நாங்கள்தான் உயரமான பொருள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் திரும்பி வரும் பேருந்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணா, அதற்கு மன்னிப்பு. அந்த 80 மீட்டரை நான் இன்னும் ஏறவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி மூன்றாம் வருடத்து ஞாயிற்றுக்கிழமை. இந்த மடலே அதற்காகத்தான்.

நாங்கள் ஐந்து பேர். உச்சியைத் தொட்டாகிவிட்டது, இறங்கிக்கொண்டிருந்தோம். மூடுபனி. ஈரப் பாறை ஒன்றில் வலது கால் மடங்கியது. விழுந்த சத்தத்தைவிட நான் போட்ட சத்தம்தான் பெரிது என்று பிறகு சொன்னார்கள். போனில் சிக்னல் இல்லை. சரி, விசிலை எடு என்றார்கள். நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், மறுபடி ஆறு. பல நாடுகளிலும் மலைக்காரர்களுக்குத் தெரிந்த ஆபத்துக் குறி அது. பதில் வருவதென்றால் மூன்றாக வரும். இதைப் பயிற்சி வகுப்பில் சிரித்துக்கொண்டே ஊதிப் பழகியிருந்தோம். அந்த ஒரு நிமிட அமைதி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்காவது சுற்று முடிந்ததும், கீழே எங்கிருந்தோ மூன்று.

வந்தவர்கள் ஒரு அம்மாவும் அவர் கணவரும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களை அதற்கு முன் பார்த்ததில்லை, நாங்களும் அவர்களைப் பார்த்ததில்லை. நான் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "கழற்றினா வீங்கிடும், திரும்ப மாட்ட முடியாது. நடந்து இறங்கணும்ல?" கால் விரல்களை ஆட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நாடாவை அவரே இறுக்கினார். குளிர்ந்த பாறை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்று என் பையையே எனக்கு இருக்கையாகப் போட்டார். ஐயா தன் பையிலிருந்து ஆரஞ்சு நிறப் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து என்னைத் தோள் வரை அதற்குள் நுழைத்துவிட்டார். என் கையுறை இரண்டும் நனைந்திருந்தன. அம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார், கம்பளிக் கையுறை.

பேச்சு குழறுகிறதா என்று பார்க்க, 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். 93, 85 என்றேன். அவர் முகம் மாறியது. "இல்லைங்கம்மா, இவன் எப்பவுமே இப்படித்தான்" என்று என் நண்பன் சொன்னான். வலிக்கு நடுவிலும் சிரித்தேன். அதற்கும் நன்றி, டேய்.

அந்த நண்பன்தான் அன்றைக்குக் கடைசி ஆள். மூன்று கிலோமீட்டர் இறங்க நாலு மணி நேரம் ஆனது. ஐயாவின் நடைக்கோல்கள் இரண்டும் என் கையில். பாதி வழியில் இருட்டிவிட்டது. தலை விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தால், என் நிழலே அடுத்த கல்லை மறைக்கிறது என்று அவன் கண்டுபிடித்தான். விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து, என் முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டினான். ஒளி தாழ்வாக விழுந்ததும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விளிம்பு வந்தது, எங்கே கால் வைப்பது என்று தெரிந்தது. அவன் பாதையில் நடக்கவில்லை. பாதைக்கு வெளியே, சரிவில், குனிந்தபடி, எனக்காக அந்த வெளிச்சத்தை நீட்டிக்கொண்டே கீழே வரை வந்தான். ஒரு தடவைகூடக் கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. மறுநாள் நான் கேட்டபோது, "எனக்கும் வழி தெரியணும்ல" என்றான். பொய்.

முன்னால் ஓடிப்போய்க் கடைசிப் பேருந்தை நிறுத்தி வைத்த இரண்டு பேருக்கும் நன்றி. நிறுத்தி வைத்த ஓட்டுநருக்கும், இருபது நிமிடம் முணுமுணுக்காமல் உட்கார்ந்திருந்த பயணிகளுக்கும் நன்றி. சேறு படிந்த பூட்ஸோடு நான் ஏறியபோது முன் இருக்கையை விட்டுக் கொடுத்து எழுந்த சிறுமிக்கும்.

அறைத்தோழனை விட்டால் வம்பு. நீண்ட இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால், வலி உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சம். அதனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் விடுதிப் படியில் நான் பின்பக்கமாக இறங்குவேன். என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போவான். நான்கு வருடத்தில் மலைப் பக்கம் ஒருநாளும் வராதவன் அவன். வீட்டில் அம்மாவுக்கும் நன்றி. அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி அவர் இப்போதுதான் படிப்பார், மன்னிக்க வேண்டும்.

கடைசியாக, அந்த இன்னொரு பாக்கி. இறங்கி முடித்த அவசரத்தில் நடைக்கோல்களையும் ஆரஞ்சுப் பையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கையுறையைக் கொடுக்க மறந்துவிட்டேன். உங்கள் பெயரையும் கேட்கவில்லை. சாம்பல் நிறம், இடது கட்டைவிரலில் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு. துவைத்துக் காயவைத்து, பொருள் அறையில் சாவிப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன். இதைப் படித்தால் வாருங்கள் அம்மா. வராவிட்டால், கை நனைந்து திரும்புகிற முதல் வருடத்து ஆள் யாருக்காவது கொடுத்துவிடும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்களுக்கு முன்னால் மெதுவாக நடந்தவன்