வளைந்த கத்தியில் கூர் எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கத்திகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் வளைந்த கத்திகளை எல்லாம் ஒரே வரிசையில் போட்டு, வளைவு கூடக் கூடக் கூர்மையும் கூடும் என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மின் கேபிள் வேலையில் காலத்தை ஓட்டியவன் நான். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

கூர்மை சாணையில் வருவது. வளைவின் வேலை வேறு. வெட்டுகிற பொருள் நழுவிப் போகுமா, நிற்குமா, கையின் விசை எந்த இடத்தில் போய் இறங்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது வளைவு. அதிலும் கூர் இருப்பது வளைவின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று சொல்லாவிட்டால் பாதி விஷயம்கூடச் சொன்னதாகாது. உங்கள் படத்தில் அடுத்தடுத்து இருந்த தோல் உரிக்கும் கத்தியும் கொக்கிக் கத்தியும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை: முதலாவதில் கூர் வெளிப்பக்கம், அடுத்ததில் உள்பக்கம்.

உள்பக்கம் கூர் உள்ளதை முதலில் சொல்கிறேன், என் பிழைப்பே அதில்தான். ஒரு கயிற்றை நேர்க்கத்தியால் இழுத்து அறுத்துப் பாருங்கள். கயிறு அலகின் மேல் வழுக்கிக்கொண்டே போய் முனையில் கழன்றுவிடப் பார்க்கும். உள்வளைவில் இந்தத் தொல்லை இல்லை. இழுக்க இழுக்கக் கயிறு குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும், விசை முழுக்க அங்கேயே இறங்கும். அரிவாள் வளைந்திருப்பதும் இதற்காகத்தான். சிதறி நிற்கும் நெல் தாள்களை ஒன்றாகக் கூட்டிப் பிடித்து அறுக்கிறது. கருக்கரிவாளில் பல்லும் சேர்ந்துவிட்டால் தாள் நழுவ வழியே கிடையாது. தரைவிரிப்பு வெட்டுகிறவர், செடிகளைக் கவாத்து செய்கிறவர், எல்லோரும் எடுப்பது இந்த ரகம். விபத்தில் சிக்கியவரின் சீட் பெல்ட்டை அறுக்கும் கருவியிலும் அதே கொக்கிதான். கூரை உள்ளே ஒளித்து, முனையை மழுக்கி வைத்திருப்பார்கள், உடம்பில் படக்கூடாது என்பதற்காக.

கேபிளின் மேலுறையை உரிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் கோர், அதாவது மின்கம்பி, ஒவ்வொன்றுக்கும் தனி இன்சுலேஷன் உண்டு. மேலுறை வெட்டுப்பட வேண்டும், அதற்கு அடியில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. விழுந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஈரம் இறங்கி, என்றைக்கோ ஒரு நாள் ஷார்ட் ஆகும். இந்த வேலைக்கென்றே உள்ள கொக்கிக் கத்தியின் முனையில் வழவழப்பாக ஒரு சின்னப் பாதம் இருக்கும். முதலில் உறையைச் சுற்றி ஒரு வட்டக் கீறல் போட வேண்டும் (மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான், இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை). முழு ஆழத்துக்கும் போகக்கூடாது. பெரும்பகுதி கீறிவிட்டு, கேபிளை இப்படியும் அப்படியும் வளைத்துக் கொடுத்தால் உறை கீறல் வழியே தானாக விட்டுக்கொடுக்கும். அப்புறம் வெட்டு முனையில் உறைக்கும் கோருக்கும் நடுவே பாதத்தை நுழைத்து இழுக்க வேண்டும். பாதம் கோரின் மேல் சறுக்கிக்கொண்டே வரும், கூர் உள்ளிருந்து வெளிப்பக்கமாக உறையைப் பிளந்துகொண்டு வரும். மேலிருந்து நேர்க்கத்தியை அழுத்தி இதே வேலையைச் செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் உரித்துக் கொடுத்த கேபிளில் நான் ஜாயின்ட் போட மாட்டேன்.

வெளிப்பக்கம் கூர் உள்ளவை வேறு சாதி. இவற்றில் ஒரு நேரத்தில் கூரின் சிறு பகுதிதான் பொருளைத் தொடும். அழுத்தம் அங்கே குவியும். மணிக்கட்டைச் சுழற்றினால் தொடும் இடம் மாறிக்கொண்டே போகும். முனை மேல்நோக்கி விலகி நிற்பதால் எதையும் குத்தாது. தோல் உரிப்பவருக்கு வேண்டியது இதுதான், தோலில் ஓட்டை விழுந்தால் உரித்து என்ன பயன்? வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் ஊலு கத்தியில் பிறை வடிவ அலகுக்கு நேர் மேலே பிடி இருக்கும். கையின் அழுத்தம் சாய்ந்து போகாமல் நேராகக் கூரின் மேல் இறங்கும், ஆட்டி ஆட்டி வெட்டலாம். தோல் பொருள் செய்பவர்களின் அரைவட்டக் கத்தியும் இதே கணக்குதான்.

நேபாளத்தின் குக்ரியைப் போர்க்கத்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். கூர்க்கா படைவீரர்களால் உலகம் அறிந்தது என்பது சரி. ஆனால் அங்கே விறகு வெட்டவும் புதர் கழிக்கவும் அன்றாடம் கையில் எடுப்பதும் அதைத்தான். கூர் உள்பக்கம் என்றாலும் அது இழுப்பதற்கு இல்லை, ஓங்கிப் போடுவதற்கு. அலகு நடுவில் முன்னோக்கி மடங்கி, அதற்கப்பால் அகலமாகிறது. எடை முன்னால் போய்விடுவதால் வீச்சில் பாதி வேலையைக் கத்தியே செய்துவிடும். மணிக்கட்டை மடக்காமலே கூர் சாய்வாக விழும். உறையில் கூடவே இரண்டு குட்டிக் கத்திகள் வரும். கர்தா கூரானது, சில்லறை வேலைக்கு. சக்மக் மழுங்கலானது, குக்ரியின் கூரை நேர்செய்யவும் சக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கவும். படத்தில் அந்த இரண்டையும் விட்டுவிட்டீர்கள்.

கடைசிப் படத்தில் இருந்தது கராம்பிட். இந்தோனேசியாவில் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களோடு சேர்த்துப் பேசப்படுவது. பிடியின் கடைசியில் ஒரு வளையம் உண்டு, விரலை நுழைத்துக்கொண்டால் கத்தி கையை விட்டு நழுவாது. வீடியோ கேமில் பார்த்துவிட்டு இதை ஆசைப்பட்டு வாங்குகிற பிள்ளைகள் இப்போது நிறைய. வாங்கி என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அட்டைப்பெட்டியைத் திறக்கக்கூட இது தோதில்லை, நகம் போன்ற முனை உள்ளே இருக்கும் பொருளில்தான் முதலில் இறங்கும்.

கட்டுரையில் பாதுகாப்பு பற்றி ஒரு பேச்சும் இல்லை. உள்வளைவுக் கத்தியை நம்மை நோக்கித்தான் இழுக்கிறோம், பொருள் அறுந்த அடுத்த நொடி அது நம்மிடம்தான் வந்து சேரும். அதனால் இழுக்கும் பாதையில் தொடையோ வயிறோ இருக்கக்கூடாது. பொருளைப் பிடித்திருக்கும் கை எப்போதும் கத்தியின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

சாணையையும் சேர்த்து எழுதுங்கள், வாங்கிய பலர் தடுமாறும் இடம் அது. தட்டைக் கல்லில் உள்வளைவைத் தீட்டினால் கல் இரண்டு ஓரங்களை மட்டும் தொடும், குழியை எட்டாது. உருண்டையான சாணைக் கம்பி வேண்டும், இல்லாவிட்டால் உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளலாம். குழியின் வளைவை விடக் குச்சி சிறியதாக இருக்க வேண்டும். மறுபக்கம் பிசிறு எழும்பியதும் அதை லேசாக நீவி எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை கத்திப் படம் போடும்போது கூர் இருக்கும் பக்கத்தை ஓர் அம்புக்குறியால் காட்டிவிட்டால் போதும், மீதியை வாசகர்களே புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
கேபிள் ஜாயின்டராக வேலை பார்க்கும் ஒரு வாசகன்