மரங்கொத்தியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

செர்னோபில் பற்றிய தங்கள் கட்டுரையில் துகா ரேடாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, வருத்தமாக இருந்தது. சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரிகளாக இருந்த எங்களை அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1976 முதல் சிற்றலையில் நொடிக்குப் பத்து முறை ‘டக்டக்’ என்று தட்டும். கரையிலிருந்து வரும் மோர்ஸ் செய்தியைப் பாதியில் விழுங்கிவிடும். ‘ரஷ்ய மரங்கொத்தி’ என்றே உலகெங்கும் அதற்குப் பெயர். வளிமண்டலத்தின் உயரே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு, அடிவானத்துக்கு அப்பால் கிளம்பும் அமெரிக்க ஏவுகணைகளைக் கண்டறிவதற்காகச் சோவியத் இராணுவம் அமைத்தது அது. செர்னோபில் அருகே இன்றும் சுமார் 150 மீட்டர் உயரத்தில் நிற்பது அலைவாங்கி மட்டுமே. அலைபரப்பி வேறிடத்தில் இருந்தது. பொதுச் சொத்தான வானலையில் பல ஆண்டுகள் நடந்த அந்த அத்துமீறலை அடுத்த கட்டுரையில் அவசியம் சேருங்கள்.

– ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அதிகாரி, தூத்துக்குடி