அளந்து கொடுக்கிற ஆக்சிஜன்

பாளையங்கோட்டை

அன்புள்ள பேச்சி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டாள் என்று படித்ததும் முதலில் உன் மகளுக்குத்தான் போன் போட்டேன். குரலில் பழைய தெம்பு வந்திருக்கிறது. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை வெண்டிலேட்டரை விட்டு வெளியே வந்து, மூக்கில் சின்னக் குழாயோடு மட்டும் இருக்கிறாள் என்றால் பெரிய கண்டம் கழிந்த மாதிரிதான். இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு முட்டுவலி. மாடி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறார்?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "மானிட்டரில் 95-க்கு மேல் போனால் நர்சு ஓடி வந்து ஆக்சிஜனைக் குறைக்கிறாள். மூச்சுக்கு முட்டுகிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று எழுதியிருந்தாய். அந்த 95 என்பது இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்ற கணக்கு. ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் படிக்க நேரம் தாராளம். தேடிப் பிடித்துப் படித்ததில் ஒருவருடைய ஆராய்ச்சி என்னைப் பிடித்துக்கொண்டது. அதையே சொல்கிறேன், உன் கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் என்று ஓர் ஊர். கோடாக் ஃபிலிம் கம்பெனியின் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஓ'ரைலி என்ற விஞ்ஞானி, பிறந்தவுடன் கிடைக்கும் கூடுதல் ஆக்சிஜன் நுரையீரலை என்ன செய்கிறது என்று பல வருஷமாகப் பார்த்து வருகிறார். பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. சோதனைக்கூடத்து ஆள், சுண்டெலிதான் அவருக்கு எல்லாம்.

சுண்டெலி ஏன் என்கிறாயா? அது நிறைமாதம் முடிந்துதான் பிறக்கிறது. ஆனால் பிறக்கும்போது அதன் நுரையீரல் நம் ஏழாம் மாதக் கருவின் நிலையில்தான் இருக்கும். காற்று நுண்ணறைகள் எல்லாம் பிறந்த பிறகு, முதல் சில வாரங்களில்தான் உருவாகும். இன்னொரு வசதி, குட்டிக்கு வேறு எந்த நோயும் கிடையாது. உன் பேத்தியை எடுத்துக்கொள். குறைமாதம், வெண்டிலேட்டர் அழுத்தம், தொற்று, ஆக்சிஜன் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. எது எதைச் செய்தது என்று யார் பிரித்துச் சொல்வது? எலிக்குட்டியில் ஆக்சிஜனை மட்டும் தனியே பார்க்கலாம்.

பிறந்த முதல் நான்கு நாள் குட்டிகளைச் சுத்த ஆக்சிஜனில் வைக்கிறார்கள். அப்புறம் சாதாரணக் காற்று. இதில் ஒரு விஷயம் கேள். வளர்ந்த எலி சுத்த ஆக்சிஜனில் ஒரு வாரம்கூடத் தாங்காது, செத்துப்போகும். அதனால் ஒரே சமயத்தில் ஈன்ற இரண்டு தாய்களை, ஒன்று ஆக்சிஜன் கூண்டில், ஒன்று வெளிக்காற்றில் என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி விடுகிறார்கள். குட்டிகளுக்குப் பாலும் கிடைக்கும், தாயும் பிழைக்கும். தாய்க்கு ஆகாத காற்றைக் குட்டி தாங்கிக்கொள்கிறது! படித்தபோது எனக்கு மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது உண்மை. தவளையை அறுத்தே காலம் தள்ளியவள் நான், எனக்கு என்ன சங்கடம் என்று நீ சிரிப்பாய்.

மற்றவர்கள் பெரும்பாலும் அந்தக் குட்டிப் பருவத்துச் சேதத்தை அளப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எலி வளரட்டும் என்று எட்டு வாரம் காத்திருந்தார். எட்டு வாரம் என்றால் எலிக்கு வாலிபம். வெளியே பார்த்தால் மற்ற எலிகளைப் போலத்தான் ஓடும், தின்னும். நுரையீரலைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும். நல்ல நுரையீரல் நெருக்கமான வலையாகத் தெரிகிறது. ஆக்சிஜன் பட்டதில் அந்த வலையின் ஓட்டைகள் பெரிது பெரிதாக, வெறுமையாக இருக்கின்றன. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் குறுக்குச் சுவர் எழுப்பி நூறு அறை ஆக்குவது போலத்தான் நுரையீரல் வளர்கிறது. ஆக்சிஜன் அந்தச் சுவர் எழும்பும் வேலையைத் தடுத்துவிடுகிறது. மண்டபம் மண்டபமாகவே நின்றுவிட்டால் காற்றும் இரத்தமும் தொட்டுக்கொள்ளும் பரப்பு குறைந்துவிடுமே.

அதோடு விடவில்லை. 2008-ல் அவர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், இந்த வளர்ந்த எலிகளுக்கு இன்ஃப்ளுயன்சா வைரஸ் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண எலி சமாளித்துவிடுகிற அளவுதான். குட்டியில் ஆக்சிஜன் பட்ட எலிகளுக்கோ நுரையீரல் கடுமையாக அழன்றுபோனது, தழும்பு விழுந்தது, சாவும் கூடியது. இத்தனைக்கும் வைரஸை அவையும் ஒழுங்காகத்தான் ஒழித்தன. சண்டை போடுகிற சக்தியில் குறை இல்லை, சண்டைக்குப் பிறகு சரிசெய்வதில்தான் குறை. நுண்ணறைச் சுவரில் இரண்டாம் வகைச் செல் என்று ஒன்று உண்டு. நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்டைச் சுரப்பதும் அதுதான், புண்பட்ட சுவரைப் புதுப்பிப்பதும் அதுதான். வைரஸ் குறிவைப்பதும் அதையே. ஆக்சிஜன் பட்ட எலிகளில் அந்தச் செல்கள் முன்பே குறைந்துபோயிருந்தன. வயசாக ஆக அந்த எலிகளின் நுரையீரல் இரத்தக்குழாய்களும் குறைந்து, இதயம் சுமை தாங்காமல் சீக்கிரம் சாகின்றன என்றும் பிறகு கண்டார்கள்.

கருவின் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக்சிஜனின் சூட்டை, அதாவது அது செல்களைச் சிதைக்கிற குணத்தைத் தணிக்கிற நொதிகள் கடைசி மூன்று மாதத்தில்தான் தேறி வரும். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு நாம் சுவாசிக்கிற வெறுங்காற்றே அதிகம். அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் அந்தப் பிள்ளை தாங்கித்தான் ஆகவேண்டும்.

கூடுதல் ஆக்சிஜன் கெடுதல் என்பது எலிக்கு முன்பே மனிதப் பிள்ளைகளிடம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். 1940-களில் குறைமாதப் பிள்ளைகள் பலர் பார்வை இழந்தார்கள். ஆக்சிஜன்தான் காரணம் என்று 1950-களில் உறுதியானது. 1967-ல் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நார்த்வே என்ற எக்ஸ்ரே நிபுணர், வெண்டிலேட்டரிலும் கூடுதல் ஆக்சிஜனிலும் பிழைத்த பிள்ளைகளின் நுரையீரலில் புது நோய் ஒன்றைக் கண்டு, ப்ராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயர் வைத்தார். உன் டாக்டர் "பிபிடி வரலாம்" என்றாரே, அது இதுதான். அந்தப் பிள்ளைகள் வாலிபமான பிறகும் பலருக்கு மூச்சுக்குழல் சுருங்கியே இருந்தது என்று 1990-ல் அவரே எழுதினார். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மூச்சுவிடாமல் பிறந்த பிள்ளைக்குச் சுத்த ஆக்சிஜன் வேண்டாம், சாதாரணக் காற்றே போதும் என்று காட்டிய முதல் சோதனைகளில் ஒன்றை டெல்லியில் சித்தார்த் ராம்ஜி என்ற டாக்டர், நார்வேயின் ஓலா சாக்ஸ்டாடோடு சேர்ந்து செய்து 1993-ல் வெளியிட்டார். 2010-ல் உலக விதிமுறையே மாறியது.

அப்படியானால் இன்னும் குறைத்துவிடலாமே என்று நீ கேட்பாய். அதையும் பார்த்தாயிற்று. 2010-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில் 1,316 பிள்ளைகள். அதைவிடக் கூட்டி வைத்தவர்களோடு ஒப்பிட்டால், மானிட்டரில் 85-89 என்று வைத்தவர்களில் கடுமையான கண் நோய் பாதிக்குப் பாதி குறைந்தது, ஆனால் சாவு 16.2 சதவீதத்திலிருந்து 19.9 ஆகக் கூடிவிட்டது. அதனால்தான் இப்போது பல இடங்களில் 90-க்கும் 95-க்கும் இடையில் நிறுத்தப் பார்க்கிறார்கள். உன் நர்சு மேலே போனாலும் ஓடி வருவாள், கீழே போனாலும் ஓடி வருவாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் அவள் பக்கம்.

எலிக்கதையைப் படித்துப் பயந்துவிடாதே. அவற்றுக்கு நான்கு நாளும் நூற்றுக்கு நூறு. உன் பேத்தி சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் இப்போது முப்பது சதவீதத்துக்குள் என்று மருமகன் சொன்னான், வெளிக்காற்றே 21 தானே. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஆஸ்பத்திரியை விட்டு வரும் நாளில் "எல்லாம் நார்மல்" என்று எழுதிக் கொடுப்பதோடு கணக்கு முடிவதில்லை. 2003-ல் ஒரு சோதனை வந்தது. ஆக்சிஜன் சூட்டைத் தணிக்கும் நொதியைக் குறைமாதப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிபிடி குறையவில்லை, மருந்து தோற்றது என்று மூடியிருப்பார்கள். ஒரு வயதில் பார்த்தால், மருந்து கிடைத்த பிள்ளைகளுக்கு இழுப்பு குறைவு! பொறுத்துப் பார்த்ததால் தெரிந்தது.

ஆகவே, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வை. எத்தனை நாள் வெண்டிலேட்டர், எத்தனை நாள் ஆக்சிஜன் என்பது அதில் இருக்கட்டும்; அவள் பெரியவளான பிறகும் எந்த டாக்டரிடம் போனாலும் சொல்லட்டும். கண் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும், அடுத்தது எப்போது என்று கேள். ஆறு மாதம் ஆனதும் ஃப்ளூ ஊசி பற்றிக் கேளுங்கள், வீட்டுப் பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் பீடி வாசலோடு சரி என்றால் போதாது, அடியோடு நிற்க வேண்டும். நான் சொன்னேன் என்றே சொல்.

அடுத்த மாதம் கோவில்பட்டி வருகிறேன். உனக்குப் பிடித்த அதிரசம் கொண்டுவருவேன். அன்றைக்கு எனக்கு லேசாகத் தும்மல் இருந்தாலும் அதிரசத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன், கூப்பிடாதே.

அன்புடன்,
வசந்தா