லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழக அறிமுகங்களில் விடுபடும் விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 தேர்வு நெருங்கும்போது கல்விப் பக்கங்களில் தனியார் லிபரல் ஆர்ட்ஸ் (கலை, அறிவியல், சமூகவியல் எனப் பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் முறை) பல்கலைக்கழகங்களைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகள் வரத் தொடங்குகின்றன. வளாகத்தின் பரப்பு, வெளிநாட்டு ஒப்பந்தங்கள், பாடம் நடத்த வரும் பிரபலங்கள் எல்லாம் அவற்றில் இருக்கும். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் ஒரு குடும்பம் பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும் விவரங்கள்தான் இருப்பதில்லை. அவற்றை எழுதவே இந்தக் கடிதம்.

அந்தப் படிப்பு முறையின் மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு. ஒரு பாடத்தில் ஆழமும் பல பாடங்களில் பழக்கமும் வேண்டும் என்ற எண்ணம் மதுரைக்குப் புதிதும் அல்ல. 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும் 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் அந்த வழியில் வந்தவை. இரண்டும் 1978-இலேயே தன்னாட்சி பெற்றவை. இன்றைக்கு அசோகா (சோனிபட்), கிரியா (ஸ்ரீசிட்டி), அசிம் பிரேம்ஜி (பெங்களூரு) போன்ற பல்கலைக்கழகங்களுக்கு நம் பகுதிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள். போகட்டும், ஆனால் விவரம் தெரிந்து போகட்டும்.

முதலில் காலம். நம் ஊரில் சித்திரைத் திருவிழா முடிந்து ரிசல்ட் வந்த பிறகே கல்லூரி தேடுவது வழக்கம். இந்தப் பல்கலைக்கழகங்களிலோ முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். கட்டுரை, அவர்களே வைக்கும் திறனறித் தேர்வு, நேர்காணல் எனச் சுற்றுச் சுற்றாகச் சேர்க்கை நடக்கும். உதவித்தொகைக்கென ஒதுக்கிய பணமும் சுற்றுக்குச் சுற்று கரையும். மே மாதம் விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இடம் கிடைக்கலாம், உதவித்தொகை கிடைப்பது கடினம். பணம் அதிகம் தேவைப்படும் குடும்பங்களுக்குத்தான் செய்தி கடைசியில் போய்ச் சேர்கிறது என்பது எங்களை மிகவும் வருத்துகிறது.

அடுத்தது கட்டணம். அறிமுகக் கட்டுரைகளில் பெரும்பாலும் முதலாண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே இருக்கும். ஹாஸ்டல், மெஸ், திரும்பத் தரும் வைப்புத்தொகை, லேப்டாப், ஆண்டுக்கு இரண்டு முறை ஊர் வந்து போகும் செலவு எல்லாம் தனி. கட்டணம் ஆண்டுதோறும் உயரவும் செய்யும். கல்விக் கட்டணம் முதலாண்டு ரூ.6 லட்சம், உயர்வு ஆண்டுக்கு 8 சதவீதம் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டில் அது ரூ.7,55,827 ஆகும். நான்காண்டுக்கும் சேர்த்து ரூ.27,03,667. 'நாலாறு இருபத்து நாலு' என்று கணக்குப் போட்டு வைத்த குடும்பத்துக்கு மூன்று லட்சம் துண்டு விழும்.

இதே கணக்கில் 25 சதவீத உதவித்தொகை கிடைத்தால், அது சதவீதமாகவே நான்காண்டும் தொடருமா, அல்லது முதலாண்டின் ரூ.1.5 லட்சமே ஆண்டுதோறும் தரப்படுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். முதல் வகையில் குடும்பம் கட்டுவது ரூ.20,27,750, இரண்டாவதில் ரூ.21,03,667. 'முழு உதவித்தொகை' என்றால் ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்ந்ததா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள், ஒரு செமஸ்டர் சறுக்கினால் மறுபடி வாய்ப்பு உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிக்கு ஐ.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு விவரம், சொத்து விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். மாதச் சம்பளக்காரர்களிடம் ஃபார்ம் 16 இருக்கும். இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு மளிகைக் கடையும் வைத்திருப்பவரிடம் ரிட்டர்ன் இருக்காது. நிலமும் கடையும் மட்டும் சொத்துக் கணக்கில் பெரிதாகத் தெரியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கும் வருமானச் சான்றோடு, நிலத்திலிருந்து ஆண்டுக்கு என்ன வருகிறது, கடன் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணைத்தால்தான் உண்மை நிலை புரியும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகப் போய் தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். அதனால் செப்டம்பரிலேயே விண்ணப்பித்து வைப்பது நல்லது.

கல்விக்கடனை நம்பிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வங்கிகளின் பொதுவான திட்டத்தில் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். ஈடில்லாமல் கடன் தரும் பி.எம். வித்யாலட்சுமி திட்டம் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியல் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசையை வைத்துத் தயாராவது. தரவரிசைக்கே வராத புதிய தனியார் பல்கலைக்கழகம் அதில் இருக்காது. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பாடத்திட்டத்துக்கு வருவோம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160. நான்காண்டில் மேஜர் எனும் முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தது 80 கிரெடிட், மைனர் எனும் துணைப் பாடத்துக்கு 32. ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு. மேஜரைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் படிப்பின் பெரிய கவர்ச்சி. பிசகு நேர்வதும் அங்கேதான். பொருளாதாரம் எடுக்க விரும்பும் மாணவர் முதல் ஆண்டிலேயே கால்குலஸ் (நுண்கணிதம்) முடித்திருக்க வேண்டியிருக்கும். பிளஸ் 2-வில் கணக்கு எடுக்காதவர் அதைத் தள்ளிப்போட்டால், மூன்றாவது செமஸ்டரில் மேஜரை அறிவிக்கும்போது வழி அடைபட்டிருக்கும். வகுப்புக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. எல்லோரும் விரும்பும் பாடங்கள் பதிவு தொடங்கியதுமே நிரம்பிவிடும். ஆகவே கையேட்டில் அச்சிட்ட பாடப் பட்டியலை விட்டுவிட்டு, போன செமஸ்டரின் டைம் டேபிளைக் கேளுங்கள். எந்தப் பாடம் உண்மையில் நடந்தது, நடத்தியவர் நிரந்தர ஆசிரியரா வந்துபோகிறவரா என்பது அதில் தெரிந்துவிடும்.

அரசு வேலைக் கனவு உள்ள வீடுகளுக்கு இன்னொரு செய்தி மிக முக்கியம். அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றையும் கோத்துத் தரும் பட்டத்துக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதவோ பி.எட். சேரவோ இணைத்தன்மைச் சிக்கல், அதாவது வழக்கமான பட்டத்துக்குச் சமமா என்ற கேள்வி, வரலாம். தமிழ்நாட்டில் ஆசிரியர் பணிக்குப் பட்டத்தின் பாடப் பெயரைப் பார்த்தே தகுதி முடிவு செய்கிறார்கள். பெயர் மாறினால் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டும். படித்து முடித்த பிறகு தேடினால் ஆண்டுக்கணக்கில் அலைச்சல்தான். அரசுப் பணி நியமனத்தில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் 2 வரை தமிழ்வழியில் வந்த பிள்ளை ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்ந்தால், அது மதுரையிலேயே ஆனாலும், பட்டப்படிப்புத் தகுதி கொண்ட பணிகளில் அந்த முன்னுரிமை போய்விடும்.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது எளிது: யு.ஜி.சி. இணையதளத்தின் மாநிலத் தனியார் பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். புதிய பல்கலைக்கழகத்துக்கு நாக் (தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பு) தரம் இல்லாதது குறையல்ல. ஆறு ஆண்டுகளாவது இயங்கியிருந்தால் அல்லது இரண்டு பேட்ச் வெளியேறியிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 மட்டும் பிடிக்கலாம். கடைசி நாளுக்குப் பின் 30 நாள் தாண்டினால் எதுவும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.

தங்கள் நாளிதழ் இத்தகைய அறிமுகங்களைத் தேர்வு நேரத்துக்குப் பதிலாக அக்டோபரிலேயே வெளியிட வேண்டுகிறோம். கூடவே ஒரு பெட்டிச் செய்தியாக நான்காண்டு மொத்தச் செலவு, உதவித்தொகை நிபந்தனை, பட்டத்தின் சரியான பெயர், விண்ணப்பச் சுற்றுகளின் கடைசித் தேதி ஆகிய நான்கையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுக்கும் விவரத்துக்கு நேரே 'தரவில்லை' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
தல்லாகுளம், மதுரை.